மோட்டர் ஸ்ராட்டர் (யாழ்ப்பாணத் தீவகம்)

மின்மோட்டரைக் கிளப்பவும் நிறுத்தவும், எரிந்துபோகாமல் காக்கவும், வேண்டுமானால் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் உதவும் கருவித் தொகுதி. கொன்ராக்டர், ஓவர்லோட் றிலே, பியூஸ், மிதவைச் சுவிட்ச் என்று உள்ளே எத்தனை இருந்தாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர், ஸ்ராட்டர். தீவகத்தில் இதைத் தெரிவுசெய்வதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இலங்கையின் தேசிய மின்வலையோடு இணையாதவை. இலங்கை மின்சார சபையின் டீசல் ஜெனரேற்றர்களை நம்பி இருந்தவை. ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் பண்ணைத் தாம்போதி வழியே குடாநாட்டோடு சேர்ந்தவை என்பதால் அங்கே கறண்டின் பலம் பெரிய பிரச்சினையல்ல, உப்புக் காற்றுத்தான் பிரச்சினை.

மோட்டருக்கு முன்பு கிணற்றில் நீர் இறைக்கத் துலா இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துச் சரிப்பார், மூன்றாமவர் பாத்தியில் தண்ணீர் மாறுவார். வேகக் கட்டுப்பாடு மிதிக்கிறவரின் காலில் இருந்தது. 1950களுக்குப் பின் மண்ணெண்ணெய் 'மிசின்' பரவலானது. கயிற்றைச் சுற்றி இழுத்து, பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பும் அந்தச் சின்ன இயந்திரம் துலாவை மெல்ல மெல்ல ஒதுக்கியது. மின்மோட்டர் அதற்கும் பிறகு வந்தது.

வேகமாக இறைப்பது தீவுக்கு ஒரு வகையில் கேடாகவும் முடிந்தது. சுண்ணக்கல்லும் மணலுமான தீவின் அடியில் மழைநீர், கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதிப்படி, நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உவரை அழுத்தி வைத்திருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். துலா மிதித்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது. 2 குதிரைவலு மோட்டர் அந்த நேரத்தைத் தருவதில்லை. ஆகவே கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அறியும் மின்வாய்கள், வெறுமனே ஓடினால் நிறுத்தும் றிலே, இறைப்பைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் ரைமர் ஆகியவை தீவகத்தில் மோட்டரைவிடக் கிணற்றைக் காப்பதற்கே முதலில் வேண்டியவை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

உலக வரலாறு சுருக்கமானது. பல்கட்ட மோட்டருக்கான காப்புரிமைகளை நிக்கோலா டெஸ்லா 1888இல் பெற்றார். இன்று ஆலைகளிலெல்லாம் ஓடும் கூண்டு வகை மூன்று பேஸ் மோட்டரை மிக்கைல் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி 1889இல் உருவாக்கினார். பிரஷ் இல்லை, தேய்மானம் குறைவு, அடித்தாலும் உடையாத மோட்டர். ஒரேயொரு கெட்ட பழக்கம், நின்ற நிலையிலிருந்து எழும்பும்போது ஓடுகின்ற கறண்டைப்போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். ஸ்ராட்டரின் கதை பெரும்பாலும் இந்தப் பழக்கத்தை அடக்கிய கதைதான். தொடக்கத்தில் ஸ்ராரிலும் பிறகு டெல்ற்றாவிலும் இணைக்கும் முறை, 1908இல் கோர்ண்டோர்பர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த தானியங்கு மின்மாற்றி முறை, 1957இல் வந்த தைரிஸ்ரரிலிருந்து பிறந்த மென்தொடக்கி, 1968இல் டென்மார்க்கின் டான்பொஸ் நிறுவனம் தொகையாகத் தயாரித்து விற்ற வேகமாற்றி என்று அது நீள்கிறது.

தீவின் கணக்கு இப்படிப் போகும். 7.5 கிலோவாற் மோட்டர் ஒன்று 400 வோல்ற்றில் ஓடும்போது ஏறக்குறைய 15 அம்பியர் எடுக்கும். நேரடியாகக் கிளப்பினால் அந்தச் சில செக்கன்களுக்கு 90 அம்பியர், அதாவது 60 கே.வி.ஏ.க்கும் மேல். சுன்னாகத்திலிருந்து வரும் தேசிய மின்வலை லைனில் இது ஒரு பல்ப் சிமிட்டலோடு முடிந்துவிடும். சின்ன டீசல் ஜெனரேற்றரில் ஊர் முழுவதும் வோல்ற்றேஜ் விழும். விழுந்ததும் நடப்பதைப் பனலுக்குப் பக்கத்தில் நின்றால் காதாலேயே கேட்கலாம். மோட்டரின் கறண்டைச் சேர்க்கும் காந்தச் சுவிட்சான கொன்ராக்டரின் கொயில் தன் வோல்ற்றேஜில் 85 வீதம் கிடைத்தால்தான் உறுதியாக ஒட்டும். 75 வீதத்துக்குக் கீழே போனால் விடத் தொடங்கலாம். விட்டதும் மோட்டர் கழன்றுவிடும், பாரம் போனதால் வோல்ற்றேஜ் ஏறும், மிதவைச் சுவிட்ச் இன்னும் மூடியிருப்பதால் கொயில் மறுபடி இழுக்கும். டக், டக், டக் என்று இது தொடரும். ஒவ்வொரு தட்டுக்கும் முனைகளில் நீலப் பொறி. கடைசியில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது சிவப்புப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டர் நிற்காது. மோட்டரைக் கழற்றிப் படகேற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொயில் கட்டக் கொண்டுபோவதில் பல கதைகள் முடிவது இதனாலேயே. பழி மட்டும் மோட்டர் கம்பனிக்கு.

ஸ்ரார்-டெல்ற்றா போட்டால் அதே மோட்டர் 30 அம்பியரில் கிளம்பும். ஆனால் சுழற்றும் வலுவும் மூன்றில் ஒன்றாகிவிடும். தண்ணீர்ப் பம்புக்கு இது போதும். பாரத்தோடு எழும்ப வேண்டிய ஐஸ் ஆலைக் கொம்பிரசருக்குப் போதாது. அங்கே மென்தொடக்கியோ வேகமாற்றியோ வேண்டும். இதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு. கறண்ட் நின்று வந்ததும் எல்லா மோட்டர்களும் ஒன்றாக எழும்பாதபடி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமத ரைமர் வைத்து, பெரியதை முதலில் கிளப்புவதுதான் அது.

குடாநாட்டில் பெரிய தொழில் மோட்டர்கள் என்றால் 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். 1990இல் யுத்தம் அதை மூடியது. அதே ஆண்டு குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரமும் அற்றுப்போனது. தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். கிணற்றடி மோட்டர்கள் சும்மா கிடக்க, பழைய மண்ணெண்ணெய் மிசின் திரும்பி வந்தது. ஸ்ராட்டரின் தீவக வரலாற்றில் இவை வெற்று ஆண்டுகள்.

யுத்தத்துக்குப் பின் மின்சார மூலமே மாறத் தொடங்கியது. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் நான்கையும் இணைத்த அமைப்பு நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான அதே வகைத் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம். மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்-மணி மின்கலம், தயார்நிலையில் 2,500 கிலோவாற் டீசல் என்பது அதன் அளவு. தூதரகங்கள் மோதிய இந்த விடயத்தில் ஊர் வயர்மேனின் கேள்வி சின்னது. இன்வேட்டரால் தன் அளவுக்கு மேல் அதிகம் கொடுக்க முடியாது. டீசல் ஜெனரேற்றர் மூச்சுப்பிடித்துத் தாங்கும் அந்த 6 மடங்கு இழுப்பை அது தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளக்கூடும். டீசல் நிற்கும் நேரத்தில் நேரடி ஸ்ராட்டர்கள் இன்னும் ஆபத்தானவை.

வேகமாற்றி இதற்கு நல்ல விடை. மோட்டரின் சாதாரணக் கறண்டுக்கு மேல் போகாமலே கிளப்பும். சுழற் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் வேண்டிய வலு எட்டில் ஒன்றுக்கு இறங்கும். கிணறும் ஆறுதலாக ஊறும். கடல்நீரைச் சவ்வில் தள்ளி நன்னீராக்கும் நிலையங்களின் உயரழுத்தப் பம்புகளுக்கும் இதுவே பொருத்தம். 2024இல் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் திறக்கப்பட்ட நாளுக்கு 24,000 கனமீற்றர் நிலையம் வடக்கில் அவ்வகையில் பெரியது. ஆனால் வேகமாற்றி இலத்திரனியல் பொருள். சோளகம் வீசும் மாதங்களில் கரையோரப் பனலின் கதவைத் திறந்தால் செப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும், திருகாணி துருவில் இறுகியிருக்கும், விசிறி இழுத்த உப்பு சர்க்கியூட் பலகையில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். குறைந்தது ஐ.பி. 55 அடைப்பு, பூச்சிட்ட பலகை, துருவேறா எஃகு அல்லது பிளாஸ்டிக் பெட்டி, ஈரம் தங்காமல் காக்கும் சின்னச் சூடேற்றி ஆகியவை இல்லாமல் அதை நெடுந்தீவில் பூட்டுவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். கொன்ராக்டர் கெட்டால் ஊரிலேயே மாற்றலாம். வேகமாற்றி கெட்டால் கொழும்புக்குப் போக வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. ஆகவே தீவில் பம்ப் வைத்திருக்கும் சங்கமோ ஆலையோ எந்த ஸ்ராட்டரை வாங்கினாலும், அதே அளவில் ஒரு கொன்ராக்டர் கொயிலும் ஒரு ஓவர்லோட் றிலேயும் கூடுதலாக வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளட்டும்.