மூளையில் படியும் அமிலோயிட்: ஸ்கான் சொல்வதும் சொல்லாததும்

ஜேர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1906 இல் இறந்த தன் நோயாளி ஒருவரின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது நரம்புக் கலங்களுக்கிடையே படிவுகளைக் கண்டார். அவை அமிலோயிட் என்ற புரதத்தாலானவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில் அவற்றைப் பார்க்க நெடுங்காலம் வழியிருக்கவில்லை.

2002 இல் சுவீடனின் உப்சாலா நகரில் அந்த வழி திறந்தது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உருவான, அமிலோயிட்டில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருள் முதன்முறையாக நோயாளி ஒருவருக்கு ஊசி மூலம் ஏற்றப்பட்டு, பெட் ஸ்கான் எடுக்கப்பட்டது. அதிலிருந்த காபன்-11 இன் கதிரியக்கம் 20 நிமிடங்களில் பாதியாகிவிடும். எனவே அதை அங்கேயே தயாரிக்கக்கூடிய நிலையங்களால் மட்டுமே அதனைப் பயன்படுத்த முடிந்தது. பின்னர் 110 நிமிட அரைவாழ்வுக்காலமுள்ள புளோரின்-18 கொண்ட பொருட்கள் வந்தன. அவற்றுள் புளோர்பெட்டாபிர் 2012 இலும் புளோர்பெட்டாபென் 2014 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இங்கு நேரம் முக்கியமானது. புளோர்பெட்டாபிர் ஏற்றி 30 முதல் 50 நிமிடங்களுக்குள் தொடங்கி, 10 நிமிடங்கள் படமெடுக்க வேண்டும். புளோர்பெட்டாபென் என்றால் 45 முதல் 130 நிமிடங்களுக்குள் தொடங்க வேண்டும். முந்தினால், படிவில்லாத இடங்களிலிருந்தும் அப்பொருள் முழுமையாக அகன்றிருக்காது. தலை அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

அடுத்தது கணக்கு. மூளையின் புறணியில் தேங்கிய அளவு, அமிலோயிட் குறைவாகப் படியும் சிறுமூளையின் அளவோடு ஒப்பிடப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு எண்ணைத் தருவதால், 2015 இல் சென்ரிலோயிட் என்ற பொது அளவுகோல் முன்வைக்கப்பட்டது. அதில் 0 என்பது ஆரோக்கியமான இளையோரின் சராசரி. 100 என்பது அல்சைமர் நோயாளரின் சராசரி.

இந்த எண் வெறும் ஆய்வுக்கானதல்ல. அமெரிக்காவில் 2023 இல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப், 2024 இல் அனுமதி பெற்ற டொனனெமாப் ஆகிய மருந்துகளைத் தொடங்குமுன் அமிலோயிட் இருப்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் அவற்றின் பக்கவிளைவுகள். தவறான எண், தேவையற்ற ஒருவரை அந்த ஆபத்துக்குள் தள்ளிவிடும்.

ஆயினும் படிவு இருப்பது மட்டுமே நோயாகாது. ஞாபகசக்தி குறையாதவர்களிலும் 50 வயதில் சுமார் 10 சதவீதமானோருக்கும் 90 வயதில் சுமார் 44 சதவீதமானோருக்கும் அமிலோயிட் காணப்படுகிறது. படிவு இல்லையெனில், மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் மறதி எங்கிருந்து வருகிறது? மனச்சோர்வு, பெரும் அதிர்ச்சியின் பின்னான உளநெருக்கடி, பழைய தலைக்காயம், தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு ஆகிய யாவும் ஞாபகத்தைப் பாதிக்கும். போரையும் இழப்பையும் கடந்துவந்த அம்மாவோ அப்பாவோ பெயர்களை மறக்கத் தொடங்கினால், அதை உடனே அல்சைமர் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்களின் கதையை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்வதும் எளிய இரத்தப் பரிசோதனைகளும்தான் முதற்படி. இவற்றிற் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை.