முடித்தவரும் தேறியவரும்: ஸ்கார்ம் பதிப்புகளில் ஒரு சொல்லின் வரலாறு

இணையவழிக் கற்றல் தளங்களின் தரவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுக் கட்டுரைகளில் ‘இத்தனை பேர் பாடத்தை முடித்தனர்’ என்னும் தொடர் பெரும்பாலும் விளக்கமின்றியே வருகிறது. அந்த ‘முடித்தல்’ எந்தத் தரநிலையின் எந்தப் பதிப்பிற்குரிய சொல் என்று கேளாமல் அத்தொடரைப் பொருள்கொள்ள இயலாது என்பது என் கருத்து. சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்கள் இங்கும் அதே எச்சரிக்கையோடு நடப்பது நல்லது.

இச்சொல்லின் பிறப்பிடம் பல்கலைக்கழகம் அன்று, விமானத் துறை. கணினிவழிப் பயிற்சிக்குப் பொது வரையறைகள் வகுக்க 1988-இல் அத்துறையினர் ஏஐசிசி என்னும் குழுவை அமைத்தனர். விமானப் பராமரிப்பாளர் ஒருவர் உரிய பயிற்சியைப் பெற்றாரா என்பதே அங்கே கேள்வி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் 1997-இல் உருவான ஏடிஎல் திட்டம், ஏஐசிசியின் தரவு மாதிரியை எடுத்தாண்டு, 2000-இல் ஸ்கார்ம் தரநிலையின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2001 அக்டோபரில் வந்த 1.2 பதிப்புதான் உலகெங்கும் பரவியது.

ஸ்கார்ம் 1.2-இல் கற்பவரின் நிலையைக் குறிக்க ஒரே ஒரு புலம். அதில் இடத்தக்கவை ஆறு சொற்கள்: தேறினார், தேறவில்லை, முடித்தார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடங்கவில்லை. இவற்றுள் முதல் இரண்டும் தகுதியைப் பற்றியவை. ஏனையவை செயலின் நிறைவைப் பற்றியவை. இரு வேறு வினாக்களுக்கு ஒரே விடைக்கட்டம். தேர்ச்சி மதிப்பெண் 60 என்று பாடத்தில் குறிக்கப்பட்டிருக்க, இறுதிவரை படித்த ஒருவர் 55 பெற்றால், தளம் அவர் நிலையைத் ‘தேறவில்லை’ என மாற்றி எழுதும். அவர் முழுவதும் படித்தார் என்ற செய்தி அத்துடன் மறைந்துவிடும். பழைய தரவில் ‘முடித்தோர்’ எண்ணிக்கையை மட்டும் கூட்டுபவர், தேறியவர்களையும் தேறாதவர்களையும் ஒருசேர விட்டுவிடக்கூடும்.

ஸ்கார்ம் 2004 இக்குழப்பத்தைத் தீர்த்தது. நிறைவுக்கு ஒரு புலம், வெற்றிக்கு ஒரு புலம் எனப் பிரித்தது. இரண்டிலும் ‘அறியப்படவில்லை’ என்ற நேர்மையான சொல்லுக்கும் இடமளித்தது. ‘மாணவர்’ என்ற பெயர்ப்புலம் ‘கற்பவர்’ ஆயிற்று. தமிழருக்கு இதில் தனிச் செய்தியும் உண்டு. 1.2 பதிப்பில் பெயரை ஆஸ்கி எழுத்துகளில், குடும்பப்பெயரை முதலிலும் இயற்பெயரைக் காற்புள்ளிக்குப் பின்னும் எழுத வேண்டும். தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னே வைத்து எழுதும் நம் வழக்கம் அந்த வரையறையில் அடங்கவே இல்லை. 2004 பதிப்போ எந்த மொழியின் எழுத்தையும் மொழிக்குறியீட்டுடன் ஏற்றது.

ஆயினும் திருந்திய பதிப்பு பழையதை வெல்லவில்லை. பாடப்பகுதிகளின் வரிசையை ஆளும் சிக்கலான விதிகளையும் 2004 சேர்த்துக்கொண்டதால் அதைச் செயல்படுத்துவது கடினமாயிற்று. நம் கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் மூடுல் தளம்கூட 1.2-ஐ முழுமையாக ஏற்று, 2004-ஐ முழுமையாக ஏற்காமல் நின்றது. ஒரு நல்ல சொற்பிரிவினை, தொடர்பில்லாத ஒரு சுமையோடு கட்டப்பட்டதால் பரவாமற் போயிற்று என்றே நான் கருதுகிறேன்.

2013-இல் 1.0 பதிப்பாக வந்த எக்ஸ்-ஏபிஐ, சொற்பட்டியலையே கைவிட்டு வாக்கியத்தைக் கொண்டுவந்தது: செய்பவர், வினை, செயப்படுபொருள். (கணினிக்கு வரிசை பொருட்டன்று, எனினும் ஆங்கிலத்தின் சொல்வரிசையே விதிநூலில் வந்தமர்ந்தது.) எவரும் எந்த வினைச்சொல்லையும் ஆக்கிக்கொள்ளலாம் என்பது அதன் வளம், இரு நிறுவனங்களின் தரவை ஒப்பிட முடியாமற் போவது அதன் விலை. 2016-இல் வந்த சிஎம்ஐ5 அந்த உரிமையை மீண்டும் சுருக்கி, ஒன்பது வினைகளுக்கு வரையறை தந்தது. அவற்றுள் முடித்தலும் தேறுதலும் தனித்தனி வினைகள். இவற்றுக்கு மேல் ‘நிபந்தனை நிறைவேறியது’ என்று அறிவிக்கும் வினை ஒன்றும் உண்டு. அதைத் தளமே எழுதும். முடித்தால் போதுமா, தேற வேண்டுமா, இரண்டும் வேண்டுமா என்ற அந்த நிபந்தனையை விதிப்பவர் பாடத்தை வடிவமைத்தவர்; அது பாடக் கட்டமைப்புக் கோப்பில் எழுதப்படும், பாடப்பகுதியைத் தொடங்கும்போது தளம் எழுதும் தொடக்க வாக்கியத்திலும் இடம்பெறும். ஆகவே சிஎம்ஐ5 தரவை ஆய்வுக்குக் கேட்பவர் அத்தொடக்க வாக்கியங்களையும் சேர்த்தே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.