காது கேளாமை: ஊடகச் சித்திரிப்புகளும் பெற்றோரின் முடிவுகளும்

பிறவியிலேயே செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுள் 10-இல் 9 பேருக்கு மேல், கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். அப்பெற்றோருள் பலர் அதுவரை காது கேளாத ஒருவரோடும் நெருங்கிப் பழகியிருப்பதில்லை. குழந்தையின் எதிர்காலம் குறித்து அவர்கள் மனத்தில் எழும் முதல் சித்திரம், திரைப்படத்திலோ தொலைக்காட்சித் தொடரிலோ கைப்பேசிக் காணொலியிலோ கண்டதாகவே இருக்கிறது. அச்சித்திரம் சிகிச்சை முடிவுகளையும் பாதிக்கிறது.

திரைப்படங்களில் காது கேளாத பாத்திரம் நெடுங்காலம் 'ஊமை' என்றே அழைக்கப்பட்டு, நகைச்சுவைக்கோ பரிதாபத்துக்கோ பயன்பட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குரல் உறுப்புகளில் குறை ஏதுமில்லை. மொழி காதில் விழாததாலேயே பேச்சு வருவதில்லை. இதனை அறியாத குடும்பத்தினர் நாக்கைக் காட்டி மருத்துவம் கேட்கின்றனர். செவிப் பரிசோதனை தள்ளிப்போகிறது. அதிர்ச்சியாலோ வேண்டுதலாலோ பேச்சு திரும்பும் உச்சக்காட்சிகளும் காத்திருக்கும் மனநிலையையே வளர்க்கின்றன. பிறந்த 1 மாதத்துக்குள் செவித்திறன் கண்டறி சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே மருத்துவ நெறி. மூளை மொழியை எளிதாக ஏற்கும் முதல் ஐந்து ஆண்டுகளில் இழக்கும் காலத்தைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம்.

கருவி இயக்கப்படும் காணொலிகள்

காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தப்பட்ட குழந்தை தாயின் குரலை முதன்முதலாகக் கேட்டுப் புன்னகைக்கும் காணொலிகளைப் பலரும் பார்த்திருப்பர். அவை பொய்யல்ல, ஆயினும் ஒரு நாளின் சில நொடிகளை மட்டுமே காட்டுகின்றன. அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்களுக்குப் பின்னரே வெளிக்கருவி இயக்கப்படுகிறது. அப்போது குழந்தை உணர்வது வெறும் ஒலி. அதன் பொருள் அன்று. பல குழந்தைகள் அந்நாளில் அழுகின்றன. சில எவ்வித மாற்றமும் காட்டுவதில்லை. இரண்டுமே இயல்பானவை.

அதன்பின் கருவியின் அளவுகளைப் பலமுறை சரிசெய்தலும், கேட்டல் மற்றும் பேச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். காணொலியை நம்பி வந்த பெற்றோர், மூன்றாம் மாதத்தில் குழந்தை 'அம்மா' என்று சொல்லவில்லை என மனமுடைந்து பயிற்சியை நிறுத்திவிடுவதை மருத்துவமனைகளில் காண்கிறோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இச்சிகிச்சை வழங்கப்படுகிறது. பயிற்சிக்கு வருவது மட்டும் குடும்பத்தின் கையில்தான் உள்ளது.

உதட்டசைவும் சைகை மொழியும்

உதட்டைப் பார்த்தே அனைத்தையும் புரிந்துகொள்ளும் பாத்திரங்கள் திரையில் ஏராளம். கண்ணாடி முன் நின்று 'பாலை', 'மாலை' என ஓசையின்றிச் சொல்லிப் பார்த்தால் உண்மை விளங்கும்: இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே அசைகிறது. எனவே உதட்டசைவு துணையாகலாமேயன்றி, மொழிக்கு மாற்றாகாது. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை.

நல்ல சித்திரிப்புகளும் உண்டு. 'மொழி' (2007) திரைப்படத்தின் நாயகி தன்மதிப்பு மிக்க பெண்ணாகவே காட்டப்பட்டார். எனினும் அப்பாத்திரத்தை ஏற்றவர் கேட்கும் திறனுள்ள நடிகை. 'நாடோடிகள்' (2009) திரைப்படத்திலோ, காது கேளாத நடிகை அபிநயா பேசும் பெண்ணாக நடித்தார். இத்தகைய படங்களை மாமியார், மாமனார் உள்ளிட்ட வீட்டாருடன் சேர்ந்து பார்ப்பது பயன்தரும். பல இல்லங்களில் குழந்தையின் சிகிச்சையை முடிவுசெய்வோர் அவர்களே.

அதைவிடப் பயன்தருவது, காது கேளாத பெரியவர் ஒருவரை நேரில் சந்தித்தல். இதற்கு அருகிலுள்ள காது கேளாதோர் சிறப்புப் பள்ளியையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகலாம். குழந்தையின் செவித்திறன் குறித்து ஐயம் இருப்பின், எந்த வயதாயினும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு உடனே அழைத்து வரவும்.