ஏணியை யார் எடுத்தது?

2019 மார்ச் 9. சனிக்கிழமை சாயங்காலம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி.யும் மினர்வா பஞ்சாபும் மோதுகின்றன. அதே நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். மொத்தம் பதினோரு அணிகள், ஆளுக்கு இருபது ஆட்டம். பத்தொன்பது முடிந்த நிலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 39.

கணக்கு ரொம்ப சிம்பிள். கோவையில் சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. அங்கே டிரா ஆகி, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

ஆட்டம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடம். மினர்வா கோல் போட்டுவிட்டது.

கூட்டம் கப்சிப். மினர்வா சும்மா வந்த அணி இல்லை. முந்தைய வருட சாம்பியன். கோப்பை இந்த வருடம் கிடைக்காது என்று ஆகிவிட்டாலும், விட்டுக்கொடுத்துப் போக அவர்களுக்கு என்ன தலையெழுத்து? இடைவேளை வரை சென்னை சிட்டியால் ஒரு கோல்கூடத் திருப்பிப் போட முடியவில்லை.

கொஞ்சம் இருங்கள். இரண்டாம் பாதிக்குப் போகுமுன் ஏணியைப் பற்றிப் பேசிவிடலாம். அது தெரியாவிட்டால் இந்த ஆட்டத்தின் மீதிக் கதை புரியாது.

வத்திராயிருப்பை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. பக்கத்தில் பிளவக்கல் அணை. 2025-ல் ஓர் இளைஞர் போட்ட வீடியோவால் ஊர் பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவிய அதே கூமாப்பட்டிதான். அங்கே பதினைந்து பையன்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட லீகில் முதலிடம். அடுத்த வருடம் ஒரு படி மேலே. அங்கேயும் முதலிடம். இன்னும் ஒரு படி. இப்படியே தோற்காமல் போனால் என்றைக்காவது ஒருநாள் நாட்டின் உச்ச லீகில், பெரிய பணக்கார அணிகளோடு கூமாப்பட்டி ஆட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் உலகத்தில் பாதிக்கு மேல் நாடுகளில் கால்பந்து இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஏணி எல்லாருக்கும் பொது.

இதற்கு வழி போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அதுவும் ஒரு தில்லுமுல்லில் இருந்து பிறந்த வழி.

1892-ல் அவர்களுடைய லீக் இரண்டு டிவிஷனாகப் பிரிந்தது. மேல் டிவிஷனில் கடைசியாக வந்த அணிகளும் கீழ் டிவிஷனில் முதலாக வந்த அணிகளும் தங்களுக்குள் மோத வேண்டும். இதற்கு டெஸ்ட் மேட்ச் என்று பெயர். கிரிக்கெட் இல்லை, கால்பந்துதான். ஜெயித்தவருக்கு மேலே இடம்.

1898 ஏப்ரல் 30. ஸ்டோக் அணியும் பர்ன்லி அணியும் கடைசி டெஸ்ட் மேட்ச்சில் இறங்கின. டிரா ஆனால் போதும், இரண்டு பேருமே மேல் டிவிஷனில் இருக்கலாம் என்கிற நிலைமை. அப்புறம் என்ன? கோல் கம்பம் இருக்கும் திசைக்கே யாரும் போகவில்லை. பந்து இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு, அந்தக் காலிலிருந்து வெளியே. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த ஜனம் கடுப்பாகி, தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. 0-0.

நாடே காறித் துப்பியது. லீக் நிர்வாகம் இரண்டு காரியம் செய்தது. மேல் டிவிஷனில் 16 அணிகள் என்பதை 18 ஆக்கி, இந்தக் கூத்தால் பாதிக்கப்பட்ட நியூகாசிலையும் பிளாக்பர்னையும் சேர்த்துக்கொண்டது. டெஸ்ட் மேட்ச்சையே தூக்கிக் கடாசிவிட்டு, இனி கடைசி இரண்டு அணிகள் தானாகக் கீழே, முதல் இரண்டு அணிகள் தானாக மேலே என்று விதி எழுதியது.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து, 1987-ல் வேறு உருவத்தில் அந்தப் பரீட்சை திரும்பி வந்தது. பிளே-ஆஃப். நேரடியாக மேலே போகும் அணிகளை விட்டுவிட்டு, அடுத்து இருப்பவர்கள் மீதமிருக்கும் ஒரு இடத்துக்கு மோதுவார்கள். 1990-ல் இறுதி ஆட்டம் லண்டன் வெம்பிளிக்கு வந்தது. 2023 மே 27 அன்று அங்கே லூட்டன் டவுன், கோவென்ட்ரியை பெனால்டியில் 6-5 என்று ஜெயித்து பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், 2014-ல்தான் அந்த அணி ஐந்தாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஏறியிருந்தது. ஐந்தாம் படியில் ஆடியபோது கூட இருந்த ம்பான்சு என்கிற வீரர், அதே சட்டையோடு உச்சிக்கு வந்து சேர்ந்தார். கூமாப்பட்டிக் கணக்கு கற்பனை இல்லை என்பதற்கு இது போதும்.

சரி, இந்தியாவில்?

ஆசியாவிலேயே பழைய லீக் கல்கத்தாவில் ஆரம்பித்தது. அதே 1898-ல். ஆனால் ஏணியின் பக்கத்தில் இந்தியர்கள் வரக் கூடாது. வெள்ளைக்கார ரெஜிமென்ட்டுகளுக்கும் வெள்ளைக்கார கிளப்புகளுக்கும் மட்டும்தான் இடம். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது அல்லவா? அப்போதும் லீகுக்குள் அவர்கள் இல்லை. 1914-ல்தான் கதவு திறந்தது. அதுவும் முழுசாக இல்லை. முதல் டிவிஷனில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. மோகன் பகான், ஆரியன்ஸ் இரண்டும் உள்ளே போனதும் கோட்டா முடிந்தது.

1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் இந்தச் சுவரில்தான் போய் முட்டியது. 1924-ல் இரண்டாம் டிவிஷனில் மேலே ஏறும் தகுதியை மைதானத்தில் சம்பாதித்துவிட்டது. ஆனால் விதிப்படி மேலே இடம் கிடையாது. மூன்றாவது இந்திய அணியை எப்படிச் சேர்ப்பது? பெரிய சண்டை நடந்தது. கடைசியில் விதிதான் வளைந்தது. 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனில் ஆடியது. மே 28 அன்று மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்தது. பின்னால் வந்த முகமதன் ஸ்போர்ட்டிங் இன்னும் ஒரு படி போனது. 1934-ல் முதல் டிவிஷனுக்குள் நுழைந்த அதே வருடம் சாம்பியன். அந்த லீகை ஜெயித்த முதல் இந்திய அணி. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பை அவர்களிடம்தான். கதவைச் சாத்தி வைத்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

வெள்ளைக்காரன் போய்விட்டான். ஏணி நமக்கு வந்துவிட்டது. இனி என்ன பிரச்னை?

கோவைக்குத் திரும்புவோம்.

56-வது நிமிடத்தில் சென்னை சிட்டிக்கு பெனால்டி. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி அடித்தார். 1-1. அந்த சீசனில் அவருக்கு அது 21-வது கோல். ஆனால் டிரா போதாதே! 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா கோல் போட்டார். தடுப்பு ஆட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 2-1. கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் முன்னிலை. பிறகு ஈஸ்ட் பெங்கால் வரிசையாக இரண்டு கோல் போட்டது. அதாவது, இங்கே இன்னொரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. ஸ்டேடியத்தில் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. கூடுதல் நேரத்தில் பந்து மறுபடி போராவிடம் வந்தது. 3-1.

முடிந்தது. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் பையன்கள், ஐ-லீகை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு அணியாகக் கோப்பையைத் தூக்கினார்கள். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று நம் பிள்ளைகள் நிறைய பேர் அதில் இருந்தார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத மாநிலம் என்று நம்மைச் சொல்பவர்களுக்கு நல்ல பதில்.

ஆனால் அந்தச் சமயத்தில் இந்தியாவில் இரண்டு லீக் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் பலனாக 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. எட்டு அணிகள். நட்சத்திர முதலாளிகள், டிவி வெளிச்சம், வாண வேடிக்கை. கட்டணம் கட்டினால் இடம். மேலே ஏற்றமும் இல்லை, கீழே இறக்கமும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, மைதானத்துக்குக் கூட்டம் வந்தது, வீரர்களுக்குச் சம்பளம் வந்தது. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதிகாரபூர்வமாக இந்தியாவின் உச்ச லீக் அப்போதும் ஐ-லீக்தான். ஆசிய சாம்பியன்ஸ் லீகுக்கான தகுதிச் சுற்றில் ஆடும் உரிமை ஐ-லீக் சாம்பியனுக்குத்தான்.

சென்னை சிட்டி ஜெயித்தது மார்ச்சில். ஜூலையில் சம்மேளனத்தின் செயற்குழு கூடி, இனி ஐ.எஸ்.எல்.தான் உச்ச லீக் என்று பரிந்துரைத்தது. அக்டோபரில் ஆசியக் கால்பந்து அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. ஐ-லீக் இரண்டாம் படி ஆனது. 2022-23 சீசனிலிருந்து ஐ-லீக் சாம்பியனுக்குக் கட்டணம் இல்லாமல் மேலே இடம் உண்டு என்றும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஜெயித்தவர்களுக்கு? ஒன்றும் இல்லை.

உலகத்தில் அணிகள் கீழே இறங்குவது தோற்றால். இங்கே ஒரு அணி சாம்பியன் ஆன கையோடு இரண்டாம் படிக்கு வந்தது. அது ஒரு ஆட்டத்திலும் கீழே விழவில்லை. அது நின்றுகொண்டிருந்த தரையை மொத்தமாக ஒரு மாடி கீழே இறக்கிவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் மைதானத்துக்கு வெளியே முடிவு மாறியது உண்டு. 1990-ல் வெம்பிளியில் ஸ்விண்டன் ஜெயித்தும் மேலே போக முடியவில்லை. தோற்ற சண்டர்லேண்ட் போனது. காரணம், ஸ்விண்டன் கணக்கில் காட்டாமல் வீரர்களுக்குப் பணம் கொடுத்தது தெரிந்துபோனது. அது தப்பு செய்ததற்கான தண்டனை. சென்னை சிட்டி அப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த அணியும் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்ததில்லை. 2016-17 சீசனில் நேரடி நுழைவு கொடுத்து ஐ-லீகில் சேர்க்கப்பட்ட அணிதான். அதே 2018-19 சீசனில் ஆடிய ரியல் காஷ்மீர் கதை வேறு. 2014 வெள்ளத்துக்குப் பிறகு ஸ்ரீநகரில் பிறந்த கிளப். 2018 மே 30 அன்று பெங்களூரில் டெல்லியின் ஹிந்துஸ்தான் எஃப்.சி.யை 3-2 என்று வீழ்த்தி, இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐ-லீகுக்கு ஏறியது. ஏறிய முதல் வருடமே மூன்றாம் இடம். ஏணி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி.

இப்போது அந்த சனிக்கிழமை ஆடிய நான்கு அணிகளும் பிறகு என்ன ஆயின என்று பாருங்கள்.

ஒரு புள்ளியில் கோப்பையை விட்ட ஈஸ்ட் பெங்கால் 2020-ல் ஐ.எஸ்.எல். போய்விட்டது. ஆடி ஜெயித்து இல்லை. முதலீட்டாளர் கிடைத்தார், இடம் கிடைத்தது. 1924-ல் விதியோடு மோதி ஏறிய அதே கிளப். கோழிக்கோட்டில் தோற்ற கோகுலம் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக் சாம்பியன் ஆனது. மேலே போகவில்லை. கதவு திறக்கும் தேதிக்கு ஒரு வருடம் முந்திவிட்டார்கள். கோவையில் தோற்ற மினர்வா, கை மாறி, பெயர் மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று ஆகி 2023-ல் ஐ-லீகை ஜெயித்தது. சரியான வருடம். ஆட்டத்தில் ஜெயித்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி அதுதான். அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2025-ல் இன்டர் காசி ஏறியது. ஆனால் யார் சாம்பியன் என்பதை முடிவு செய்தது ஜூலை மாதம், சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம்.

ஜெயித்த அணி?

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆடி 0-1 என்று தோற்றது. நம் அணியின் சொந்த மைதான ஆட்டம் அது. நடந்தது அகமதாபாத்தில். வீரர்கள் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கு. ஜேசுராஜ் கோவாவுக்கு. ஆளாளுக்கு மேலே இடம் இருந்தது, அணிக்கு இல்லை. 2020-21 சீசனோடு சென்னை சிட்டி ஐ-லீகிலிருந்தே காணாமல் போனது.

ஒரே நாளில் ஆடிய நான்கு அணிகள். ஒன்று பணத்தால் மேலே போனது. ஒன்று விதி வந்த பிறகு ஜெயித்ததால் போனது. ஒன்று இரண்டு முறை ஜெயித்தும் போகவில்லை. அன்றைக்கு ஜெயித்த அணி இன்று இல்லவே இல்லை.

கல்கத்தாவில் வெள்ளைக்காரன் போட்ட விதி அநியாயமானது. ஆனாலும் அதில் எழுதியிருந்தது என்ன என்பது ஈஸ்ட் பெங்காலுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததால் அதோடு சண்டை போட முடிந்தது. கோவையில் அன்று ராத்திரி கோப்பையோடு நின்ற பையன்களுக்கு யாரோடு சண்டை போடுவது என்றே தெரியவில்லை. அவர்கள் ஏறி முடித்த பிறகுதான் மாடி இடம் மாறியது.