தோகூர்ப் போர்

தோகூர்ப் போர், விஜயநகரப் பேரரசின் வாரிசுரிமைச் சண்டையில் 1616ஆம் ஆண்டின் இறுதியில் கல்லணையை அடுத்து நடந்த பெரும் போர். இலக்கியங்களில் தோப்பூர் என வரும் ஊர் தோகூரே. ஒருபுறம் தஞ்சை இரகுநாத நாயக்கரும் வேலுகோட்டி யாசம நாயக்கரும் நின்றனர். மறுபுறம் கொப்பூரி ஜக்கராயர், மதுரை முத்துவீரப்ப நாயக்கர், செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் ஆகியோர் திரண்டனர். இரு தரப்பாரும் ஒரே பேரரசுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் இது உள்நாட்டுப் போரே.

பின்னணி

தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் விஜயநகர அரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் எனத் தலைநகர் மாறி வந்தது. 1614 அக்டோபரில் இரண்டாம் வெங்கடபதி தேவராயர் இறந்தார். சாகும் தறுவாயில் தம் மோதிரத்தைக் கொடுத்து, உடன்பிறந்தார் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக்கியிருந்தார். ஆனால், வெங்கடபதியின் மகன் என்று சொல்லப்பட்ட சிறுவன் ஒருவனை அரியணை ஏற்ற, அரசியின் பிறந்த வீட்டாரான ஜக்கராயர் முனைந்தார். ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறையில் அடைத்தார்.

யாசமர் பணியவில்லை. அவர் ஏற்பாட்டில் சலவைத் தொழிலாளி ஒருவர், ஸ்ரீரங்கரின் மகன் இராமதேவனைத் துணி மூட்டைக்குள் ஒளித்துச் சிறைக்கு வெளியே கொண்டுவந்தார். அப்போது இராமதேவனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த மூட்டையைக் காவலர் ஒருவர் அவிழ்த்துப் பார்த்திருந்தால் தோகூரில் போரே நடந்திராது. சுரங்கம் தோண்டித் தப்ப முயன்ற ஸ்ரீரங்கர் பிடிபட்டார். பின்னர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். ஈராண்டு இழுபறிக்குப் பின் ஜக்கராயர் தெற்கே வந்து மதுரையின் துணையை நாடினார். இளவரசனோடு யாசமர் தஞ்சையை நாடினார்.

சான்றுகள்

இப்போரைப் பாடியவர்கள் பெரும்பாலும் தஞ்சை அவையினர். ‘சாகித்திய ரத்நாகரம்’ எழுதிய யக்ஞநாராயண தீட்சிதர், அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன். வடமொழியில் ‘ரகுநாதாப்யுதயம்’ பாடிய இராமபத்ராம்பா அவைப் புலவர். அதே பொருளில் தெலுங்கில் பாடிய விஜயராகவர், இரகுநாதரின் மகன். வெளியார் சான்றாக, போர்த்துக்கீசிய ஏசு சபைத் துறவி மனுவேல் பாராதாஸ் 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய மடல் உள்ளது. இராபர்ட் சீவெல் அதை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தஞ்சை இலக்கியங்களின் பகுதிகளை எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1919இல் தொகுத்தார்.

போரும் தலைமையும்

திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பத்து இலட்சம் வீரர்கள் வரை கூடியதாகப் பாராதாஸ் எழுதுகிறார். எண் மிகையானது, என்றாலும் தென்னாட்டின் பெரும்படைகள் அனைத்தும் ஓரிடத்தில் குவிந்ததை அது காட்டுகிறது. போரில் ஜக்கராயர் வீழ்ந்தார். செஞ்சி நாயக்கர் களத்தை விட்டு ஓடினார். முத்துவீரப்பர் சிறைப்பட்டார். வெற்றியின் பெருமை இரகுநாதருக்கு என்பது தஞ்சைப் புலவர்கள் கூற்று. வேலுகோட்டி மரபினர் அதை யாசமருக்குத் தருகின்றனர். அரியணைக்கு உரியவனை உயிரோடு காத்தவர் யாசமர். அவனுக்குப் படையும் புகலிடமும் தந்தவர் இரகுநாதர். இருவருள் ஒருவர் விலகியிருந்தாலும் வெற்றி கிட்டியிராது.

எதிரணித் தலைமை மீதான பெருங்குறை, அவர்கள் காவிரி அணையை உடைத்ததாகும். கல்லணைக்குக் கீழே கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. அணை நின்றால்தான் தண்ணீர் காவிரியில் ஏறி வாய்க்கால்களுக்குப் பாயும். உடைந்தால் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சைப் படையைத் தடுக்கச் செய்த அவ்வேலை, வாளெடுக்காத உழவரின் வயலைக் காயவைப்பது. எந்த அரசுரிமையும் அதற்கு நியாயமாகாது. இரகுநாதர் வென்றபின் அணையைத் திரும்பக் கட்டினார் என்கிறது தஞ்சை இலக்கியம். காவிரிக் கரையில் அவர் நட்டதாகச் சொல்லப்படும் வெற்றித் தூணைவிட அந்த அணையே அவர் தலைமைக்குச் சான்று.

விளைவுகள்

இராமதேவனுக்கு இரகுநாதர் கும்பகோணத்தில் முடிசூட்டினார். ஆனால் சண்டை ஓயவில்லை. ஜக்கராயரின் தம்பி எத்திராஜர் போரைத் தொடர்ந்தார். கடைசியில் தம் மகளை இராமதேவனுக்கு மணம் முடித்துச் சமாதானமானார். ஒரு திருமணத்தால் தீரக்கூடிய பகைக்கு அதற்குமுன் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டன. உட்பகையால் தளர்ந்த பேரரசிடமிருந்து கர்நூலைப் பிஜப்பூர் பறித்தது. மதுரை, தஞ்சை அரசுகளின் பகை 1673 வரை நீடித்தது. அவ்வாண்டு மதுரை சொக்கநாத நாயக்கரின் படையோடு பொருது விஜயராகவர் மாண்டார். சில ஆண்டுகளில் தஞ்சை மராட்டியர் கைக்குப் போனது.

தோகூர் இன்று தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர். ஆண்டுதோறும் கல்லணையில் நெல்லும் பூவும் தூவிப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கின்றனர்.