மின்தடையும் மின்திறனும் கணித்தல்

ஒரு மின்கருவியின் மின்தடையையும் அது நுகரும் மின்திறனையும் இரண்டு அளவீடுகளைக் கொண்டு கணிக்கலாம். அவை கருவியின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தமும், அதன் வழியே பாயும் மின்னோட்டமும் ஆகும். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன.

சமன்பாடுகள்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால் பின்வருவன கிடைக்கும்:

மின்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை

அளவிடும்போது அம்மீட்டரைக் கருவியுடன் தொடரிணைப்பிலும், வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் பொருத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு

230 வோல்ட்டில் இயங்கும் ஒரு நீர் சூடாக்கியில் 4.6 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்வோம்.

மின்தடை = 230 ÷ 4.6 = 50 ஓம்
மின்திறன் = 230 × 4.6 = 1058 வாட்

மின்னழுத்தம் 20 விழுக்காடு குறைந்து 184 வோல்ட் ஆனால், மின்தடை மாறாதபோது மின்னோட்டம் 3.68 ஆம்பியராகவும் மின்திறன் சுமார் 677 வாட்டாகவும் குறையும். அதாவது மின்திறனில் 36 விழுக்காடு இழக்கப்படுகிறது. மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதே இதற்குக் காரணம். குறைந்த மின்னழுத்தம் உள்ள வேளையில் நீர் கொதிக்க நெடுநேரம் ஆவதும் இதனாலேயே.

வரலாறு

செருமானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான தொடர்பை 1827 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இராமையால், அவர் தம் சோதனைகளில் செம்பும் பிசுமத்தும் இணைந்த வெப்ப இரட்டையைப் பயன்படுத்தினார். அதன் ஒரு சந்தி கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் வைக்கப்பட்டது. கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதை ஆங்கிலேயரான ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841 இல் வெளியான தம் கட்டுரையில் காட்டினார்.

வரம்புகள்

கணித்துப் பெறும் மின்தடை, அளவிட்ட நிலைக்கு மட்டுமே உரியது. வெப்பநிலை உயரும்போது உலோகங்களின் மின்தடை கூடும். 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் எடுக்கும் 60 வாட் இழை விளக்கின் மின்தடை, அது எரியும்போது ஏறத்தாழ 885 ஓம் ஆகும். அணைந்து குளிர்ந்துள்ள அதே டங்ஸ்டன் இழையின் மின்தடை இதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே விளக்கை இடும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பழைய இழை விளக்குகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே பழுதாவதற்கு இது ஒரு காரணம். குளிர்ந்த இழையில் பல்பயன் அளவியால் பெறும் மின்தடையைக் கொண்டு விளக்கின் மின்திறனைக் கணித்தால் விடை மிகவும் பிழைபடும்.

மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் மின்விசிறி, மின்னோடி போன்றவற்றில் கம்பிச்சுருள்கள் இருப்பதால் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆகவே அவற்றின் பெருக்கற்பலனைத் திறன் காரணியாலும் பெருக்கினால்தான் உண்மையான மின்திறன் கிடைக்கும். மேலும், அவற்றில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பெறும் எண், கம்பியின் மின்தடை மட்டும் அன்று. சுருளின் மின்தூண்டல் விளைவும் அதில் அடங்கும்.