மேலிலையும் மக்கள் மனமும்

நம் வேடசந்தூர் வட்டாரத்தில் புகையிலை வாங்க வரும் வணிகர், சிப்பத்தின் மேலிலையை மட்டும் பார்த்து விலை பேசுவாரா? மாட்டார். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் இலையை உருவி, நிறமும் மணமும் பார்த்த பிறகே வாய் திறப்பார். காசு அவருடையதல்லவா? ஆனால், மேலிலையை மட்டும் பார்த்து மக்கள் மனத்தை அளந்துவிட்டதாக இறுமாந்தோர் கதை வரலாற்றில் உண்டு. அதை எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

1936ஆம் ஆண்டு. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கருத்துச் சீட்டு அனுப்பிற்று. 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46ஐ வென்றவரோ ரூஸ்வெல்ட்! காரணம் என்ன? முகவரிகளில் பெரும்பாலானவை தொலைபேசிப் பட்டியலிலும் கார் உரிமையாளர் பட்டியலிலும் எடுத்தவை. வேலையிழந்து வாடிய ஏழைக்குத் தொலைபேசி ஏது? கார் ஏது? சீட்டுப் பெற்றவர்களிலும் நால்வரில் மூவர் விடையே எழுதவில்லை. ஏறத்தாழ 50,000 பேரையே கேட்ட காலப் என்பவரோ, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரைக் கேட்டோம் என்பதே பெரிது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானை முழுவதும் சீராக வெந்திருந்தால் அது சரி. மேடும் பள்ளமும் நிறைந்த சமுதாயத்தில் மேட்டுச் சோற்றைத் தொட்டவர் பள்ளத்தின் பதம் அறிவாரா?

நம் நாட்டுக்கு வருவோம். 2003 டிசம்பரில் மூன்று வடமாநிலங்களில் வென்ற களிப்பில், பதவிக்காலம் முடியுமுன்பே மக்களவையைக் கலைத்தது வாஜ்பாய் அரசு. 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரங்கள் முழங்கின. கருத்துக் கணிப்புகளும் ஆளும் கூட்டணியே முந்தும் என்றன. 2004 மே 13 அன்று பெட்டி திறந்தது. 543 இடங்களில் அக்கூட்டணி 200ஐயும் எட்டவில்லை. தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஒளி எட்டாத குடிசைகள் வாக்குச்சாவடிக்கு வந்திருந்தன!

2016இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல். வாக்குப்பதிவு முடிந்த மாலையில் வெளிவந்த கணிப்புகளில் பல, தி.மு.க. அணியே வெல்லும் என்றன. வென்றது அ.தி.மு.க. இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வேறுபாடு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். முறையாகத் தேர்ந்த ஆயிரம் பேரைக் கேட்டாலும் விடை 3 விழுக்காடு முன்பின் ஆகலாம் என்பது கணக்கியல். ஒரு சாண் கோலால் நூலின் தடிமனை அளக்க முடியுமா?

கணிப்பு அறிவியல்தான், அதை மறுப்பது அறியாமை. ஆனால் பிழையின் எல்லையை மறைத்துவிட்டு, சாதகமான எண்ணை மட்டும் சுவரொட்டியில் அச்சிட்டு, "வெற்றி உறுதி" என்று ஊதும்போது அது குறி சொல்வதாகிவிடுகிறது. தலைவன் அதை நம்பினால் தன் குறை காணாமல் ஏமாறுகிறான். வாக்காளன் நம்பினால், "வெல்பவருக்கே போடுவோம்" என்று தன் தீர்ப்பை அடகு வைக்கிறான். வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குச்சாவடிக் கணிப்புகளை வெளியிடலாகாது என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டதன் காரணம் இதுவே.

ஆகவே இளைஞர்களே, எண்ணைக் கண்டதும் கைதட்டாதீர்கள். யாரைக் கேட்டார்கள்? எப்படிக் கேட்டார்கள்? யார் காசில் கேட்டார்கள்? இம்மூன்றையும் கேளுங்கள்.

இரவு வேலை முடித்து நம்மூர் நூற்பாலையிலிருந்து திரும்பும் பெண்ணை எந்தக் கணிப்பாளரும் நிறுத்திக் கேட்டதை நாம் கண்டதில்லை. ஆலை முதலாளிக்கும் ஒரு வாக்கு. அவளுக்கும் ஒரு வாக்கு. அவளைச் சேர்க்காத கணக்கு மக்கள் கணக்கன்று!